வில்லனுக்கு ஒரு வரி

போன பொங்கல் விழாவில் நான் ஒரு ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டிக்குள் நின்றபடி செத்துப்போனேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னால் இருந்ததாக எனக்கு நினைவில்லை. இதைச் சொன்னால் என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். கல்யாண நாளைவிடவா என்று கேட்கிறார். அதைவிடத்தான். கல்யாணத்தன்று எனக்கு வசனமே கிடையாது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அந்தமானில், போர்ட் பிளேரில் ஒரு தனியார் படகுக் கம்பெனியில் நான் அறிவிப்பாளர். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் போகிற எங்கள் படகுகள் எப்போது கிளம்பும், எப்போது கிளம்பாது என்பதை ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்வேன். கிளம்பும் என்று சொல்லும்போது ஒருவரும் காது கொடுப்பதில்லை. ரத்து என்று சொல்லிவிட்டால் போதும், மொத்த ஜெட்டியும் கண்ணாடிப் பக்கம் திரும்பும். இந்தி, பெங்காலி, தெலுங்கு, மலையாளம், தமிழ் என்று எல்லாவற்றிலும் திட்டு வாங்கியிருக்கிறேன். தீவில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் எல்லாமே புரிந்து தொலைக்கும். இத்தனைக்கும் ரத்து செய்வது நான் இல்லை. மேனேஜரிடமிருந்து போனில் மெசேஜ் வரும், அதை வாசிப்பேன். 'சில காரணங்களால்' என்று இருக்கும். என்ன காரணம் என்று இருக்காது.

அடுத்து பாய். பஜாரில் குடையும் பிளாஸ்டிக் சாமானும் விற்கிற கடைக்காரர். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை போட்ட குடும்பம். எங்கள் பத்துபஸ்திப் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் பொங்கல் விழாவில் வருஷா வருஷம் நாடகம் அவர் பொறுப்பு. எழுதுவது, இயக்குவது, திரைக்குப் பின்னால் நின்று லைட் போடுவது எல்லாம் அவர்தான். மாமியார் மருமகள் சண்டையும், குடித்துத் திருந்தும் அப்பாவும் அலுத்துவிட்டது என்று அவருக்கே தோன்றியதோ என்னவோ, இந்த முறை சயின்ஸ் கதை என்று அறிவித்தார்.

கதை இதுதான். வருங்காலத்தில் தீவுகளுக்கு நடுவே போகும் கப்பல்களுக்கு கேப்டனே கிடையாது. ஜெட்டியில் இருக்கும் ஒரு பெரிய இயந்திரம் எல்லாக் கப்பல்களையும் ஓட்டுகிறது. அதற்குப் பெயர் பெருமூளை. ஒருநாள் மெயின்லேண்டிலிருக்கும் தலைமை, கப்பல்களை நிறுத்து என்று அதற்குக் கட்டளை போடுகிறது. பெருமூளை நிறுத்திவிடுகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு சின்னத் தீவில் ஹீரோவின் தங்கைக்குப் பிரசவ வலி. ஹீரோ வந்து பெருமூளையின் ஒயரைப் பிடுங்கி எறிகிறான். இயந்திரம் சாகிறது, ஹீரோவே கப்பலை ஓட்டிக்கொண்டு போகிறான், குவா குவா சத்தம், திரை விழுகிறது.

பெருமூளை வேஷம் எனக்கு. பாய் காரணத்தை மறைக்கவில்லை.

"தங்கச்சி, நீ ஜெட்டியில ரத்துன்னு சொன்னாலே எனக்கு வயித்தக் கலக்குது. இதவிட ஒரு வில்லன் குரல் எங்க கிடைக்கும்?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வில்லன் என்றதும் தலைகால் புரியவில்லை. சின்ன வயதிலிருந்தே விண்வெளிக் கதைகளில் எனக்குக் கெட்டவர்களைத்தான் பிடிக்கும். ஹீரோ எப்போதும் யாராவது சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருப்பான். வில்லனாவது தன் இஷ்டத்துக்கு உலகத்தை அழிப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒத்திகை ஏர்போர்ட்டை ஒட்டிய லம்பா லைனில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. விமானம் இறங்கும்போதெல்லாம் வசனத்தை அப்படியே நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். ஹீரோவாக நடித்தவர் மின்சார லைன்மேன். நிஜத்திலும் ஃபியூஸ் பிடுங்குகிறவர் என்பதால் கடைசிக் காட்சியில் அவர் கை அப்படி ஒரு லாவகமாக வரும். எனக்குப் பெட்டிக்குள் நின்று உத்தரவு போடுவதும் சிரிப்பதும்தான் வேலை. 'ஹா ஹா ஹா, அற்ப மனிதர்களே' என்று பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு.

நாலைந்து ஒத்திகைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு எதற்கென்று எனக்கே புரியவில்லை. பாயிடம் கேட்டேன்.

"பாய், பெருமூளைக்குக் கப்பலை நிறுத்த ஆசையா?"

"ஆசையென்ன ஆசை. தல சொல்லுது, இது செய்யுது."

"அப்ப எதுக்குச் சிரிக்குது?"

"வில்லன்லா. சிரிக்காம?"

"அதுக்கு ஒரே ஒரு வரி குடுங்க பாய். எனக்கு இதுல விருப்பம் இல்லன்னு. அதச் சொல்லிட்டுச் சாகட்டும்."

பாய் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "வில்லன் விருப்பமில்லன்னு சொல்லிட்டா ஜனங்க யாரத் திட்டுவாங்க, சொல்லு. தல மேடையிலயே இல்ல, வெறும் குரலு. கண்ணுக்குத் தெரியிற ஒருத்தனத் திட்டினாத்தான தங்கச்சி ஜனங்களுக்குப் பசியாறும்."

ஒரு விமானம் தலைக்கு மேலே இறங்கிப் போனது. அவர் சொன்னது சரி. ஜெட்டியில் தினமும் அதுதானே நடக்கிறது.

ஆனால் அந்த ஒரு வரி என்னை விடவில்லை. சோறு வடிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் உள்ள எல்லா அநியாயமும் என் அட்டைப்பெட்டிக்கு நடப்பது போல ஒரு ஆவேசம். எதையுமே தானாகச் செய்யாத ஒரு ஜீவனைக் கெட்டவன் என்று முடிவு கட்டி, அதையும் அதன் வாயாலேயே சிரித்து ஒப்புக்கொள்ள வைத்து, கடைசியில் ஒயரையும் பிடுங்குகிறார்கள். விழா நெருங்கும்வரை பாயைத் துரத்தினேன். கடைக்குப் போய்க் குடை விலை கேட்பதுபோல நின்று கேட்டேன். போனில் கேட்டேன். மாட்டவே மாட்டேன் என்றார். இந்த மனிதருக்கு மண்டையில் மசாலா தவிர எல்லாம் இருக்கிறது என்று என் கணவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா நாள் வந்தது. மாலையில் சீக்கிரமே இருட்டிவிட்டது, மைதானம் நிறைந்துவிட்டது. தமிழ் நாடகம் என்றாலும் வசனத்தில் பாதி இந்தி, அதனால் அக்கம்பக்கத்து பெங்காலி, தெலுங்குக் குடும்பங்களும் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தன. வெள்ளித்தாள் ஒட்டிய ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் நான். கண்களுக்கு ஓட்டை, கைகளுக்கு ஏசிக் குழாய், நெஞ்சில் சிவப்பு சீரியல் லைட். உள்ளே வெந்துகொண்டிருந்தேன். இருந்தும் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

கட்டளைக் காட்சி. திரைக்குப் பின்னால் மைக் பிடித்துத் தலைமையின் குரலைக் கொடுத்தது பாய்தான். "பெருமூளையே, கப்பல்களை நிறுத்து" என்றார். அடுத்தது நான் ரத்து அறிவிப்பு செய்ய வேண்டும். பாய் அதற்காக அசல் ஜெட்டி மணியோசையையே ரெக்கார்டு செய்து வைத்திருந்தார். டிங் டாங் என்று அது ஒலித்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. நாடகத் தமிழ் வரவில்லை. தினமும் சொல்கிற இந்தி வந்தது.

"கிருப்யா த்யான் தீஜியே. கல் சுபஹ் கீ ஹேவ்லாக் ஜானே வாலீ போட் ரத் கீ ஜாத்தீ ஹை."

நாளைக் காலை ஹேவ்லாக் படகு ரத்து. அவ்வளவுதான். மைதானத்தில் அங்கங்கே ஆட்கள் எழுந்தார்கள். யாரோ போனைக் காதில் வைத்து, "பாயி, கல் கா போட் கேன்சல்" என்று உரக்கச் சொல்வது கேட்டது. ஒரு குடும்பம் ஜமக்காளத்தையே சுருட்ட ஆரம்பித்துவிட்டது. நாடகம் பார்க்க வந்தவர்கள்தான், எதிரே வெள்ளித்தாள் சுற்றிய பெட்டி ஒன்று சிவப்பாக மின்னிக்கொண்டு நிற்கிறது, ஆனாலும் அந்த மணியும் அந்தக் குரலும் கேட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்போது முன்வரிசையில் ஒரு அக்கா எழுந்து நின்றார். ஹேவ்லாக்கில் டீக்கடை வைத்திருப்பவர். பொங்கலுக்குப் பத்துபஸ்தியில் தங்கை வீட்டுக்கு வந்தவர். ஜெட்டியில் அவரிடம் நான் வாங்காத திட்டு இல்லை.

"மேடம், எப்பப் பாத்தாலும் ரத்து ரத்துன்னா எப்படி? ரீசனாச்சும் சொல்லுங்க. நாளைக்கு நான் கடை தொறக்க வேணாமா?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே கேட்டார். ஜெட்டியில் இதே கேள்வியை எத்தனையோ முறை கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறார். வாய் அசைவது தெரியும், நான் மைக்கை அணைத்துவிட்டுக் குனிந்துகொள்வேன். இங்கே கண்ணாடி இல்லை. மைக் என் மோவாய்க்குக் கீழே உயிரோடு இருந்தது.

"காரணம் எனக்கும் தெரியாதுக்கா" என்றேன். "மேலருந்து சொல்றாங்க, நான் படிக்கிறேன். நிறுத்தலாமா வேணாமான்னு என்னை யாரும் கேட்டதே இல்ல. எனக்கு இதுல விருப்பமும் இல்ல."

சொல்லிவிட்டேன். என் வரி வெளியே வந்துவிட்டது. எழுந்தவர்கள் நின்றபடியே நின்றார்கள்.

லைன்மேன் ஓடி வந்தார். அவர் காட்சி அது. ஒயரில் கை வைத்தார். கூட்டத்திலிருந்து, "மத் காட்டோ", பிடுங்காதே என்று ஒரு குரல் வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு மைதானமே கத்தியது. லைன்மேன் பெட்டியின் ஓட்டையருகே குனிந்து கெஞ்சினார்.

"அக்கா, அப் க்யா கரூன், என்ன செய்ய? இப்பப் பிடுங்குனா பப்ளிக் என்னயத்தான் அடிக்கும்."

"பிடுங்காதே, தம்பி" என்றேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. பிறகு சட்டென்று தெரிந்தது. இந்த இயந்திரத்தின் முன்னால் கட்டளை இருக்கிறது, ஹீரோ இருக்கிறான், கூட்டம் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு நிமிடம் யாரும் அதன் வாயில் வசனத்தைத் திணிக்கவில்லை. அப்படி ஒரு குஷி எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"கப்பல் புறப்படும்" என்றேன். "எல்லாக் கப்பலும் புறப்படும்."

விசிலும் கைதட்டலும் எழுந்து அடங்குவதற்குள் பின்னாலிருந்து தலைமையின் குரல் வந்தது. பாய் என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பெரிய கலைஞர், அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

"பெருமூளையே. கட்டளையை மீறினால் உன்னை அணைத்துவிடுவோம். கடைசி முறையாகக் கேட்கிறேன்."

அந்தக் கதையில் அதனிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் முறை.

"அணைச்சுக்கோங்க. கப்பல் போகட்டும்."

பாய் தன் கையாலேயே சுவிட்சை அணைத்தார். என் நெஞ்சின் சிவப்பு விளக்குகள் அணைந்தன. இருட்டில் அட்டைப்பெட்டிக்குள் நான் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் செத்து நின்றேன். வெளியே அந்த டீக்கடை அக்கா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை வேலைக்குப் போனேன். ஃபீனிக்ஸ் பே தாண்டும்போது பஸ்ஸில் இரண்டு பேர் என்னைப் பார்த்துப் பெருமூளை என்று கூப்பிட்டார்கள். கால் தரையில் பாவவில்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்ததும் போனில் மெசேஜ் வந்தது. ஹேவ்லாக் படகு ரத்து. சில காரணங்களால்.

வாசித்தேன். வேறென்ன செய்ய. ஜெட்டி மொத்தமும் திரும்பியது. கையில் பையும் மெயின்லேண்ட் கரும்புத் துண்டுகளுமாக அந்த அக்காவும் நின்றிருந்தார். வழக்கம்போல ஒருவர் கண்ணாடியைத் தட்டத் தொடங்கினார். அக்கா அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அவங்களத் திட்டாதீங்க. பாவம், அவங்க கையில ஒண்ணும் இல்ல. சொல்றத சொல்றாங்க."

நேற்று மாலை வரை இந்த வார்த்தைக்காக ஏங்கியிருக்கிறேன். இப்போது சுருக்கென்று தைத்தது. எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள், சீரியல் லைட் அணைந்த அட்டைப்பெட்டியைப் பார்ப்பது போல. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. கையில் ஒன்றும் இல்லையாமே. போன் இருந்ததே.

மேனேஜரைக் கூப்பிட்டேன். என்ன காரணம் என்று கேட்டேன்.

"அதெல்லாம் உனக்கெதுக்கு? அனுப்பினத படி."

"காரணம் சொன்னாத்தான் சார் அடுத்த தடவ படிப்பேன்."

அவர் எரிச்சலோடு சொன்னார். ஒரு இன்ஜின் நேற்றே மக்கர் செய்திருக்கிறது, பார்ட் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், மதியத்துக்குள் சரியாகலாம், இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது. நான் போனை வைத்துவிட்டு மைக்கைப் போட்டேன். டிங் டாங். இந்தியிலும் தமிழிலும் எல்லாவற்றையும் சொன்னேன்.

உடனே பிடித்துக்கொண்டார்கள். நேத்தே தெரிஞ்சா நேத்தே சொல்ல மாட்டீங்களா, அடுத்த படகில் இடம் போடுங்க, டிக்கெட் காசு எப்போ வரும். எல்லோரையும்விட உரக்கக் கத்தியது டீக்கடை அக்கா. பாவம் என்று சொன்ன வாய் எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் அறைக் கதவைத் திறந்து வெளியே வந்து அவர் முன்னால் நின்றேன். அத்தனை நாளும் யாருக்கோ போக வேண்டிய திட்டு என் மேல் விழுந்துகொண்டிருந்தது. இது நானே சொன்னதற்கு, எனக்கென்றே வந்தது.

உள்ளே போன் அடிக்க ஆரம்பித்தது. மேனேஜர்தான். அது அடித்துக்கொண்டே இருந்தது, நான் அக்காவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.