ஐந்தாம் எண் ஆடவில்லை

பிற்பகல் 2.15. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து குருநகருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்தான். ஓட்டோக்காரர் முந்நூறு ரூபாய் கேட்டார். திருச்சிக்காரன் என்று கண்டுபிடித்துத்தான் கூட்டிக் கேட்கிறாரோ என்று யோசித்தபடியே ஏறினேன். சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம்.

"மேட்சுக்கோ அண்ணை? அஞ்சாம் நம்பர் நிரோசனைப் பாருங்கோ. தேசிய அணிக்கு ஆள் தேடினமாம். எடுபட்டால் எங்கடை பொடியன்தான்" என்றார்.

ஒழுங்கை என்று இவர்கள் சொல்லும் சந்து நெடுகப் பிரேசில் கொடிகளும் ஆர்ஜென்டினா கொடிகளும் பறந்தன. யாருடைய கொடி என்று இங்கே எவரும் கேட்பதில்லை. தூரத்து நாடு என்றால் தொல்லையில்லை போலும்.

3.00. கோயில் மைதானத்தின் வேலியில் வலைகள் காய்ந்தன. பயிற்சியாளர் மரியதாஸ் கை கொடுத்தார். நான் குறிப்பேட்டைத் திறந்ததும் அவர் முகம் மாறியது.

"ஆரைப் பாக்க வந்தனீங்கள்?"

"சும்மா, ஆட்டம் பார்க்க."

"சும்மா ஆர் இவ்வளவு தூரம் வருவினம்?"

பதில் சொல்வதற்குள் போய்விட்டார். வேப்பமரத்தடியில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் தனியாக நின்றார். கையில் ஒன்றுமில்லை, வாயில் பேச்சில்லை. புலனாய்வு ஆள்தான் என்று முடிவுகட்டி, பத்தடி தள்ளி நின்றுகொண்டேன்.

3.30. ஆட்டம் தொடங்கியது. ஒலிபெருக்கியில் நிரோசன் பெயர் வரவில்லை. கால் நோவு என்றார்கள். அந்த நோவுக்காரனோ ஐந்தாம் எண் சட்டையோடு கோல் கம்பத்துக்குப் பின்னால் பந்தை முழங்காலில் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தான். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று எழுதிக்கொண்டேன்.

இடைவேளையில் கறுப்புக் கண்ணாடிக்காரர் என்னிடம் வந்தார். சிங்களம் கலந்த தமிழ்.

"அஞ்சாம் நம்பர் பாக்கத்தான் கொழும்பிலிருந்து வந்தது. தேசிய அணிக்கு. யார் என்று சொல்லாமல்தான் பார்க்கிறது. கால் சரியில்லையாம். இனி மன்னார் போகணும்."

அவர் வண்டி கிளம்பிய பிறகே எனக்கு உறைத்தது, அவர் யாரென்று இங்கே எவருக்கும் தெரியாது. மரியதாஸிடம் ஓடிச் சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நீங்கள் ஆர்?"

"பயணக் கட்டுரை எழுதுகிறவன்."

"உங்களைப் பாத்துத்தான் பொடியனை இறக்கேல்லை. அவன்ரை தமையன் லண்டனிலை, நாடில்லாத சனங்களுக்கெண்டு நடக்கிற போட்டியிலை தமிழ் அணிக்கு விளையாடுறவன். போன வருசம் ஒருத்தர் உப்பிடித்தான் கொப்பியோடை வந்து பேர் எழுதிக்கொண்டு போனவர். பிறகு புலனாய்வுக்காரர் வீட்டை வந்து விசாரிச்சவை. அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரரைச் சும்மா பந்து பாக்க வந்த ஆள் எண்டுதான் நினைச்சனாங்கள்."

வெட்கமாக இருந்தது. அவர்கள் சரியாக நம்பியவரை நான் சந்தேகப்பட்டேன். அவர்கள் சந்தேகப்பட்டது என்னை. வாசலுக்கு ஓடிப் பார்த்தேன், புழுதி மட்டும்தான் இருந்தது.

நிரோசன் வந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான்.

"திரும்பி வருவாரோ அண்ணை?"

"தெரியாது, தம்பி."

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"கொப்பியிலை என்ரை பேர் இருக்கோ?"

இருந்தது. 'ஐந்தாம் எண், நிரோசன், ஆடவில்லை. ஏன்?'

"அந்த ஒற்றையைத் தாங்கோ."

அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். நாலாக மடித்துக் காலுறைக்குள் வைத்துக்கொண்டான். இங்கே எழுதியிருப்பது அவனுடைய உண்மைப் பெயருமல்ல.

5.40. அதே ஓட்டோ, அதே முந்நூறு. எங்கள் ஊர் மைதானத்தில் நான் குறிப்பேட்டைத் திறந்தால், "என் பேரையும் போடுங்க சார்" என்று பையன்கள் நச்சரிப்பார்கள். இங்கே ஒருவன் தன் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.