பத்தொன்பதாம் மாதம் காலி

செய்தி வந்தபோது மகளின் காய்ச்சலுக்கு டோக்கன் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி: "நம் விலங்கியல் துறை டாக்டர் சுகந்தி மூளை ரத்தக்கசிவால் காலமானார்." அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம், அந்த 'டாக்டர்' என்ற சொல்லின் மேல். உயிரோடு இருந்தவரை அந்தப் பட்டம் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டவர்கள், செத்த அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள்.

சுகந்தி அக்காவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் போய் ஒன்றரை மாதமாகிறது. தாமதம்தான். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன், ஆறவில்லை.

அவர் தூத்துக்குடிக்காரர். கணவருக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை, அதனால் இங்கே வந்தார். நானும் அவரும் ஒரே துறையில் விரிவுரையாளர்கள். நான் சிங்காரப்பேட்டைப் பக்கம். கடலுக்கும் எங்கள் ஊருக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்த பொருள், கழிமுகத்துச் சேற்றில் வாழும் மட்டி என்ற சிப்பி எந்த மாதத்தில் சினையாகிறது, எந்த மாதத்தில் முட்டை விடுகிறது என்பது. மாதந்தோறும் அமாவாசைக்குப் பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போவார். சேற்றில் இறங்கி மட்டி எடுத்து, கரையிலேயே திறந்து, சினைப்பையை வெட்டி மருந்தில் போட்டுக் கொண்டுவருவார். பிறகு அதை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். இப்படி இடைவிடாமல் இருபத்து நான்கு மாதம் எடுக்க வேண்டும்.

"ஓசூர்ல கம்பெனி இருக்கு, ரோஜா இருக்கு, யானை கூட வருது. கடல் எங்கம்மா இருக்கு?" என்று கல்லூரி முதல்வர் துறைக் கூட்டத்திலேயே கேலி செய்தார். மாணவர்கள் வைத்த பெயர் 'மட்டி மேடம்'. அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மட்டிக்கு மழை எப்ப வரும்னு தெரியும், தண்ணில உப்பு எப்ப கூடும்னு தெரியும். இந்த காலேஜ்ல யாருக்குட்டி அவ்வளவு தெரியும்?"

பத்தொன்பதாம் மாதம், மாசி அமாவாசைக்கு முன்பு, அவர் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. நான் போகிறேன் என்று வாய் வார்த்தைக்குச் சொன்னேன். அப்போது என் மகளுக்கு ஆறு மாதம். அவளை ஒரு நாள் விட்டுவிட்டுப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எனக்குத் தோன்றிய புத்திசாலித்தனத்தைச் செய்தேன். அக்காவுக்கு மட்டி எடுக்கத் துணை நிற்கும் அஞ்சலையம்மாவுக்குப் போன் போட்டு, "தெர்மாகோல் பெட்டியில ஐஸ் போட்டு, உசுரோட பஸ்ல அனுப்பிடுங்கம்மா, நானே இங்க வெட்டிக்கறேன்" என்றேன்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் பெட்டியை நீட்டினார். "என்னம்மா இது, செத்த மீனா? கிருஷ்ணகிரியில இருந்து பஸ்ஸே நாறுது."

வீட்டில் பெட்டியைத் திறந்தேன். மட்டி சில்லென்று இருந்தது. குழந்தைக்கு வெந்நீர் விளாவும் பழக்கத்தில், இதற்கும் உப்புத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி பக்கெட்டில் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பால் போலக் கலங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். "அக்கா, முட்டை விடுதுக்கா! கண்ணால பாக்கறேன்!" என்று போனில் கத்தினேன்.

மறுமுனையில் அக்கா கேட்டார், "வெந்நி ஊத்தினியா?"

"லேசா சூடு, அவ்ளோதான்."

"ஏட்டி, நீ என்ன பிரசவமா பாத்த? ஐஸ்ல கிடந்ததைச் சூட்டுல போட்டா அது பயந்து எல்லாத்தையும் கொட்டிரும்."

அழுதேன். அவர் திட்டவில்லை. அமாவாசை தாண்டிவிட்டது, அந்த மாதத்துக்கு வேறு மட்டி எடுக்கவும் வழியில்லை. அந்த மாதத்து இடத்தைக் காலியாக விட்டார்.

கடற்கரைப் பல்கலைக்கழகத்தில் இருந்த அவருடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. "முட்டை விட்டதுன்னு எழுதிடும்மா. போன மாசியிலயும் விட்டிருக்கு, சரியாப் பொருந்துது" என்றார். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், அது கழிமுகத்துல விடல. எங்க பக்கெட்டுல விட்டது."

"ஒரு மாசம்தானே? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்லா சார்."

அதற்குத் தண்டனையாக மூன்று வருடம். ஆய்வேடு பேராசிரியர் மேசையில் கிடந்தது, கையெழுத்து விழவில்லை. அடுத்த மாசிக்கு அக்கா போய் மட்டி எடுத்து வந்தார். "அதையே அந்த இடத்துல வச்சிடலாமே" என்றார் பேராசிரியர். "அது அடுத்த வருசத்துப் பிள்ளை சார். அதுக்கு எப்படி வேற வருசம் எழுதுவேன்?" என்றார் அக்கா. பட்டம் இல்லை என்று கல்லூரியில் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மேலே போனார்கள். அந்தக் காலி இடம் அவருடைய பிடிவாதத்தால் வந்தது என்று எல்லோரும் பேசினார்கள். என் பக்கெட்டால் வந்தது என்று நான் ஒரு கூட்டத்திலும் எழுந்து சொல்லவில்லை. என் கோபத்தில் ஒரு பங்கு என் மேலும்தான்.

மகளுக்குத் தும்மல் வந்தாலும் நான் அவருக்குத்தான் போன் செய்வேன். "மட்டி லட்சக்கணக்குல விட்டுட்டு நிம்மதியா சேத்துல கிடக்கு. நீ ஒண்ணே ஒண்ணை வச்சுக்கிட்டு இந்தப் பாடு படுத" என்பார். அடுத்த நாளே கஷாயத்தோடு வந்து நிற்பார்.

இரங்கல் கூட்டத்தில் முதல்வர் அவரைத் 'தவப்புதல்வி' என்றார். பேராசிரியர் கடற்கரையிலிருந்து கார் போட்டு வந்து கண் துடைத்தார். வெளியே வந்ததும் என்னிடம், "ஸ்லைடு பெட்டி உங்ககிட்ட இருக்காமே. கொடுங்கம்மா, அவங்க பேரும் என் பேரும் போட்டுக் கட்டுரையா கொண்டுவந்துடலாம். அவங்க ஆத்மா சாந்தியடையும்" என்றார்.

"பத்தொன்பதாம் மாசம் காலியாவே இருக்குமா சார்?"

"போனவங்க விஷயத்துல எதுக்கும்மா அதெல்லாம்?"

"அப்ப பெட்டி தரமாட்டேன். அந்த மட்டியைக் கெடுத்தது நான்தான். சுடுதண்ணி ஊத்தினது நான். வேணும்னா அதை எழுதுங்க, கையெழுத்து நான் போடறேன்."

அங்கே நின்றிருந்த துறைக்காரர்கள் அனைவரும் கேட்டார்கள். மூன்று வருடம் முன்பே சொல்லியிருக்க வேண்டிய சொல். அக்கா காதில் விழ அதைச் சொல்லாமல் போனேன்.

அவருடைய கணவர் சம்மதத்தோடு அந்த மரப்பெட்டியை நான்தான் வைத்திருக்கிறேன். அக்கா கையெழுத்தில் மாதங்களின் பெயர். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கண்ணாடித் தகடு. நேற்று மகள் விரல் வைத்து எண்ணிக்கொண்டே வந்து ஒரு பள்ளத்தில் நின்றாள்.

"இதுல ஏம்மா ஒண்ணுமில்ல?"

"அந்த மாசம் என்ன நடந்துச்சுன்னு நமக்குத் தெரியாது கண்ணு" என்றேன்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பதில்தான்.