இரண்டாயிரம் கழிவில் எடுத்த சீட்டு

எங்கள் ஆட்களில் யாராவது "நீர் முன்னேற வேணும்" என்று சொன்னால், இப்போதெல்லாம் நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். அந்த அக்கறை எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று எனக்குத்தான் தெரியும்.

பிளாக்டவுனில் ஒரு அன்ரி சீட்டுப் பிடிக்கிறார். உறவில்லை, கோயிலில் வந்த பழக்கம். மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் இருபது பேர் அவர் வீட்டில் கூடுவோம். தலைக்கு ஐந்நூறு டொலர், மொத்தம் பத்தாயிரம். அவசரமாகக் காசு வேண்டியவர்கள் கழிவு கூறுவார்கள்; அதிகமாகக் கூறுபவருக்கு அந்த மாதச் சீட்டு. அவர் விட்டுக்கொடுக்கும் கழிவை, இன்னும் சீட்டு எடுக்காதவர்கள் பங்கிட்டு அந்த மாதம் குறைத்துக் கட்டுவார்கள். எடுத்தவர் மட்டும் சீட்டு முடியும்வரை மாதா மாதம் முழுக்காசு கட்ட வேண்டும்.

அப்போது லிட்கம்மில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்குச் சிறைச்சாலை அதிகாரி ஆகவேண்டும் என்று ஆசை. சம்பளம் ஒரு காரணம். யூனிஃபோர்ம் போட்டவர்களைக் கண்டு நடுங்கியே வளர்ந்தவள், ஒருமுறை அந்த உடுப்புக்குள் நானே நின்று பார்க்க வேண்டும் என்பது மற்றக் காரணம். ஒரு ஞாயிறு கட்லட் சாப்பிட்டபடி இதை வாய்தவறி அன்ரியிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த கிழமையே அன்ரியின் மருமகன் என் வீட்டு வாசலில் நின்றார். அவர் ஒரு தனியார் கல்லூரிக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர். ஒவ்வொரு தலைக்கும் கொமிஷன். குற்றவியல் நீதியில் ஒரு சேர்டிபிக்கட் கோர்ஸ், கட்டணம் எட்டாயிரம் டொலர்.

"சேர்டிபிக்கட் இல்லாமல் வாசலிலயும் விடமாட்டாங்கள், தங்கச்சி," என்றார்.

நான் நம்பினேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். ஒரு வேலை வேண்டுமென்றால் முதலில் அதற்கொரு சேர்டிபிக்கட் தேடுவோம். வேலை கொடுப்பவனிடம் நேரே போய்க் கேட்பது மட்டும் நினைவுக்கே வராது.

குசினி மேசையில் இருந்து கணக்குப் போட்டேன். சலவைச் சம்பளம் இவ்வளவு, சிறைச்சாலைச் சம்பளம் இவ்வளவு, கிழமைக்கு இவ்வளவு கூட வரும், ஒரு வருடத்தில் கடன் போய்விடும். கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த முழுச் சம்பள உயர்வையும் சேர்டிபிக்கட்டின் கணக்கில்தான் வரவு வைத்திருந்தேன்.

அந்த மாதம் சீட்டுக் கூறினேன். எழுநூறு என்று தொடங்கினேன். அன்ரியின் தங்கை, எந்த அவசரமும் இல்லாத மனுஷி, பற்றீஸைக் கடித்தபடி ஆயிரம் என்றார். நான் ஏற்ற அவரும் ஏற்றினார். எனக்குக் கையில் எட்டாயிரம் மிஞ்ச வேண்டும், அதற்குக் கீழே போகமாட்டேன் என்று அந்த வரவேற்பறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நான் இரண்டாயிரம் என்றதும் அவர் சிரித்து, "சரி, பிள்ளை படிக்கட்டும்," என்று விட்டுவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியது, மடைச்சி மாதிரி.

பகலில் சலவை, மாலையில் வகுப்பு என்று படித்து முடித்தேன். விண்ணப்பித்தேன், எடுத்தார்கள். பயிற்சியின் முதல் நாள் என் பக்கத்துக் கதிரையில் இறைச்சிக்கடையில் வேலைக்கு நின்ற ஒருவன். மற்றப் பக்கம் சலூனில் முடி வெட்டிய பெண். இருவரிடமும் என்னுடைய சேர்டிபிக்கட் இல்லை. பயிற்றுநரிடம் போய், எனக்கு அதற்காகச் சம்பளம் கூடுமா என்று கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: இல்லை, எல்லோருக்கும் ஒரே சம்பளம், தேவையானதை நாங்களே சம்பளமும் தந்து படிப்பிப்போம், அதை நீங்கள் படித்திருக்கவே தேவையில்லை.

வீடு வரும்வரை ரயிலில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எட்டாயிரம் மருமகன் காட்டிய கல்லூரிக்கு. அதில் ஒரு பங்கு அவருக்கே. இரண்டாயிரம், கைதட்டியவர்களுக்கு. என்னைப் படி படி என்று தள்ளிய ஒவ்வொருவரும் அந்த மாதம் குறைத்துக் கட்டியிருந்தார்கள்.

அடுத்த சீட்டு ஞாயிறு, வழக்கம்போல ஐந்நூறைக் கொண்டு போனேன். சீட்டில் இருந்த ஒரு இளம்பெண் நடுக்கதிரையில் இருந்தாள். வயோதிபர் பராமரிப்பில் வேலை. அவள் மடியில் அதே கல்லூரியின் விளம்பரப் புத்தகம்.

"இவவும் உம்மட கோர்ஸ்தான் படிக்கப் போறா," என்றார் அன்ரி என்னைப் பார்த்து. "நீர் படிச்சுத்தானே வேலை எடுத்தனீர்? சொல்லும் பிள்ளைக்கு."

தங்கைக்காரி பற்றீஸ் தட்டோடு தயாராக இருந்தார். மருமகன் குசினி வாசலில் நின்று புன்னகைத்தார். அந்தப் புன்னகையைப் பார்த்ததும் எனக்குப் பத்தி எரிந்தது.

"தங்கச்சி, சீட்டுக் கூறாதையும்," என்றேன். "இந்தப் பேப்பரை அங்க ஒருத்தரும் கேக்கேல்ல. அவங்கள் சம்பளம் தந்து படிப்பிக்கிறாங்கள். நான் சும்மா பத்தாயிரத்தைக் கொட்டினனான்."

"ஆர் யூ ஷுவர், அக்கா?"

"ஓம். இவை எல்லாருக்கும் தெரியும், நான் எவ்வளவு கழிவு விட்டனான் எண்டு. கேட்டுப் பாரும்."

அவள் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"நீர் இனி என்ர வாசல்படி மிதிக்கக் கூடாது," என்றார் அன்ரி.

"சீட்டு முடியுமட்டும் மிதிப்பன், அன்ரி. காசு கட்ட வேணுமே."

அவசரக்காரர் வேறு ஒருவரும் இல்லை. கழிவு கூற ஆளில்லாததால் பெயர்களைக் குலுக்கி எடுத்தார்கள். தங்கைக்காரி பற்றீஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்தார். அந்த மாதம் என்னைப் போலவே எல்லோரும் முழு ஐந்நூறு கட்டினார்கள்.