மருந்து கொடுக்காத எலிகள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை எலியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோரு வருடமாகக் கூண்டு கழுவி, மரத்தூள் மாற்றி, தண்ணீர் வைப்பவளுக்கு வேறு நல்ல பெயர் யாருக்கும் தோன்றவில்லை போலும்.

ஹெபடைடிஸ் பி கிருமி சாதாரண எலியைச் சீண்டாது. அதனால் மனிதக் கல்லீரல் செல்களை எலிக்குள் ஏற்றி, அவை நிலைத்த பிறகு கிருமியையும் ஏற்றி, புது மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். அப்படி ஒரு தொகுதி எலி தயாராக எட்டு மாதம் பிடிக்கும். எலியக்காவின் கணவர் உடம்பிலும் அதே கிருமிதான். பழைய மருந்துகள் அவருக்குக் கைகொடுக்கவில்லை. இந்தப் புது மருந்தைத்தான் இருவரும் மலைபோல் நம்பியிருந்தார்கள்.

கூண்டு போதவில்லை என்று, மருந்து கொடுக்கும் எலியையும், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்காமல் விட்ட எலியையும் காதில் அடையாளம் போட்டு ஒன்றாக அடைத்தார் ஆய்வாளர். அவள் அன்றைக்கே சொன்னாள்.

"சார், ஒண்ணு போட்ட புழுக்கையை இன்னொண்ணு தின்னும். மருந்தும் கூடவே போகும்."

"நீங்க கூண்டை மட்டும் பாருங்கக்கா."

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. எல்லா எலிகளிலும் கிருமி ஒரே மாதிரி குறைந்திருந்தது. கிருமி தானாகவே குறைகிறது, மருந்தால் பயனில்லை, கைவிடலாம் என்று அறிக்கை தயாரானது. எலியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூண்டுப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நேராக ஆய்வாளர் மேசைக்குப் போனாள்.

"குடுக்காத எலியோட ரத்தத்துல மருந்து இருக்கான்னு பாருங்க சார்."

எடுத்து வைத்திருந்த ரத்தத்தைப் பார்த்தார்கள். இருந்தது.

"இதை அப்பவே எழுதித் தந்திருக்கலாமேக்கா?"

அவள் பதிவேட்டைப் பிரித்து வைத்தாள். 'எலிகளைத் தனித்தனியே வைக்கவும், புழுக்கை தின்கின்றன.' வாரம் தவறாமல் அவள் எழுதியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் கீழே, வாரம் தவறாமல், அவருடைய கையெழுத்து.

அவர் பதிவேட்டை மூடி வைத்தார். "ஒப்பிட்டுப் பாக்க மருந்து போகாத எலி ஒண்ணுகூட இல்ல. எலியெல்லாம் அறுத்தாச்சு. மறுபடி முதல்லேருந்துதான்" என்றார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவள் கதவை அறைந்து சாத்தினாள்.

வீட்டில் கணவர் சாப்பிடாமல் காத்திருந்தார்.

"மருந்து கேக்குதா?"

"கேக்குது. குடுக்காத எலிக்குக்கூடக் கேக்குது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ எனக்கு எப்ப குடுப்பாங்க?"

"முதல்ல எலிக்குத் தனிக் கூண்டு வாங்கட்டும்" என்றாள்.