ஹாரன் அக்கா வண்டியை எடுக்கவில்லை

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது வண்டியால் அல்ல, தொண்டையால். வேனில் இருந்த ஹாரன் நினைத்தால் கத்தும், இல்லாவிட்டால் கம்மென்று கிடக்கும். அதனால் மேட்டுக் குடியிருப்பின் குறுகலான வளைவுகளில் அவளே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஓரம் போங்கய்யா, வண்டி வருதுல்ல!" என்று ஒரு சத்தம் போடுவாள். படுத்திருக்கும் நாய்கூட எழுந்து வழிவிடும். பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் ஹாரன் அக்காதான்.

வேன் வாங்குவதற்கு முன் அவள் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தாள். அந்தப் பேருந்து கடைத்தெருவோடு நின்றுவிடும். மேட்டில் இருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு ஏறி இறங்கி முட்டி தேய்ந்தார்கள். மனுக் கொடுத்தும் பார்த்தார்கள். அரசும் மேட்டுக்கு வண்டி விடவில்லை, அடுத்தவனையும் விடவிடவில்லை. பிறகு திடீரென்று சட்டம் மாறியது. உரிமம் எடுத்தவர் யாராக இருந்தாலும் எந்தத் தடத்திலும் ஓட்டலாம் என்றார்கள். அதே சூட்டோடு, நஷ்டம் என்று சொல்லி அவள் வேலை பார்த்த பணிமனைக்கும் பூட்டுப் போட்டார்கள்.

மரப்பட்டறையில் மெருகு போடும் அவள் கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?" என்றாள் அவள். "யாரு வேணும்னாலும் ஓட்டலாம்னு சொல்லிட்டாங்கல்ல? அந்த யாருல நானும் ஒருத்திதானே?"

வேலையை விட்டு அனுப்பும்போது கொடுத்த பணத்தில் ஒரு பழைய வேன் வந்தது. கிழிந்த இருக்கைகளுக்குக் கணவர் வீட்டுத் திரைச்சீலையை வெட்டி உறை தைத்தார். மேட்டுக்கு முதன்முதலாக வண்டி போனது. முட்டி வலிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். தையல்காரம்மா துணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி கடைத்தெருவில் இறங்கினாள். கொஞ்ச நாளில் வேறு இரண்டு வேன்களும் வந்தன. மூன்று பேரும் வழியில் சண்டை போட்டுக்கொண்டே நன்றாகப் பிழைத்தார்கள்.

பிறகுதான் கம்பெனி வந்தது. வெள்ளை வெளேரென்று குளிர்சாதனப் பேருந்துகள், மெத்தென்ற இருக்கை, அவள் வாங்கியதில் பாதிக் கட்டணம். அவளை விட்டு முதலில் போனது அவளுடைய சொந்தத் தங்கை.

"உன் வண்டில வந்தா கடைக்குள்ள போறப்பவே முடி பறந்து பேய் மாதிரி இருக்கேன்க்கா," என்றாள் தங்கை. அவள் குடியிருந்தது மேட்டின் அடிவாரத்தில், கீழ்ரோட்டில்; வேலை, துணிக்கடையில் விற்பனைப் பெண். "மொதலாளி மொறைக்கிறாரு. அதுவும் பாதி காசு. நான் என்ன செய்ய?"

"போடி, போ. உனக்கு எது வசதியோ அதுல போ," என்றாள் அக்கா. வாய் அப்படிச் சொன்னதே தவிர வயிறு எரிந்தது. ஆனாலும் தங்கை சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த நாட்களில் அவள் வேன் ஓட்டவில்லை, ஈ ஓட்டினாள். மற்ற இரு வேன்காரர்களும் வண்டியை விற்றுவிட்டுக் கம்பெனியிலேயே ஓட்டுநர்களாகச் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் வண்டியை விற்ற மறு மாதமே, மேட்டில் ஆள் ஏறுவது போதவில்லை என்று கம்பெனி அங்கே வருவதை நிறுத்திவிட்டுக் கீழ்ரோட்டில் மட்டும் ஓட்டியது. விட்டுப் போன மேட்டுக்காரர்கள் எல்லாம் அசட்டுச் சிரிப்போடு அவள் வேனுக்கே திரும்பினார்கள்.

"என்ன, குளுகுளு காத்து உடம்புக்கு ஒத்துக்கலையா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டுத்தான் ஏற்றினாள். தையல்காரம்மாவை மட்டும் இரண்டு முறை கேட்டாள்.

ஒரு நாள் கம்பெனி அதிகாரி அவளைத் தேடி வந்தார். மரியாதையான மனிதர். "உங்கள மாதிரி அனுபவம் உள்ளவங்க எங்களுக்கு வேணும்மா. எதுக்கு தனியா கஷ்டப்படறீங்க? மக்களுக்குக் கம்மி விலைல நல்ல வண்டி கெடைக்குது. சுதந்திரமான சந்தைல யாரு நல்லா செய்யறாங்களோ அவங்க ஜெயிக்கறாங்க."

"கீழ்ரோட்டுக்காரங்களுக்கு நல்லது நடந்திருக்கு சார், இல்லேன்னு சொல்லல," என்றாள் அவள். "ஆனா நான் இன்னும் தோக்கலையே. அதுக்குள்ள எதுக்கு சட்டை மாத்தச் சொல்றீங்க?"

அடுத்த வாரம் கடைத்தெரு வண்டி நிலையத்தில் மஞ்சள் கோடு போட்டார்கள். நகராட்சி ஆள் வந்து சொன்னார்: நிலையத்துக்குக் கம்பெனிதான் கூரை போட்டுக் கொடுக்கிறது, ஆகவே இனி அவர்களுடைய பேருந்துகள் மட்டுமே அங்கே நிற்கலாம், வேன் நாளையிலிருந்து வரக்கூடாது.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. "போட்டி போட்டின்னு பேசிட்டு, போட்டிக்கு வர்றவ நிக்கற எடத்த விலைக்கு வாங்கிட்டாங்களா?"

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வேன் நிறைய ஆட்களோடு வந்து மஞ்சள் கோட்டுக்குள் நின்றாள். எஞ்சினை அணைத்தாள். நகராட்சி ஆள் ஓடி வந்தார்.

"வண்டிய எடும்மா."

"எடுக்க மாட்டேன்."

"இழுவை வண்டி வரும், சொல்லிட்டேன்."

"வரட்டும். எத்தன வண்டி வருதோ வரட்டும்."

சொன்னபடி இழுவை வண்டி வந்தது. கொக்கியை எடுத்துக்கொண்டு இறங்கியவர், "உள்ள இருக்கறவங்க எறங்குங்க, ஆளோட இழுக்க முடியாது," என்றார். ஒருவரும் அசையவில்லை. தையல்காரம்மா துணிக்கட்டை இறுக்கிக்கொண்டாள். "காசு குடுத்து ஏறியிருக்கேன். எறங்கறதா வேண்டாமான்னு நான்தான் முடிவு பண்ணணும்."

பின்னால் வெள்ளைப் பேருந்து வந்து நிற்க இடமில்லாமல் உறுமியது. அதிலிருந்து தங்கை இறங்கினாள். அக்கா நடுத்தெருவில் வம்பு வளர்ப்பதைப் பார்த்து முதலில் கூனிக் குறுகிப்போனாள். நகராட்சி ஆள் அவளை அடையாளம் கண்டு, "நீயாவது உங்கக்காவுக்குச் சொல்லும்மா, நீ எங்க பஸ்லதானே வர்றே?" என்றார்.

'எங்க பஸ்' என்ற வார்த்தை தங்கைக்குச் சுருக்கென்று தைத்தது. நகராட்சிக்கு எப்போதிலிருந்து கம்பெனிப் பேருந்து சொந்தம்?

"ஆமா சார், இதுலதான் வர்றேன். நாளைக்கும் இதுலதான் வருவேன், எனக்கு இதான் வசதி," என்றாள். "ஆனா எதுல வர்றதுன்னு நான்தான் சொல்வேன். நீங்க சொல்லாதீங்க." சொல்லிவிட்டு வேனில் ஏறி, தையல்காரம்மாவின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கலையாத முடியோடு அவள் அந்த வேனில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "கடைக்கு நேரமாச்சேடி."

"மொதலாளி மொறைச்சா மொறைக்கட்டும்."

வெயில் ஏறியது. பின்னால் பேருந்துகள் சேர்ந்து தெருவே அடைத்துக்கொண்டது. திட்டினவர்களும் உண்டு, வேனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர்களும் உண்டு. கடைசியில் மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து, விசாரித்து முடிக்கும்வரை வேனும் நிற்கலாம் என்றார். அந்த விசாரணை இன்றுவரை முடியவில்லை. நிலையத்தின் கோடியில், கழிப்பறைச் சுவரை ஒட்டி, கூரை எட்டாத ஒரு மூலையை அவளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

கணவர், "ஏதோ எடம்னு ஒண்ணு கெடைச்சுதே, விடேன்," என்றார். அவள் விடவில்லை. அந்த மூலையில்தான் நிறுத்துகிறாள், ஆனால் ஒரு முன்சக்கரம் தினமும் மஞ்சள் கோட்டைத் தாண்டித்தான் நிற்கிறது. யாராவது கேட்டால், இதற்கு மேல் வண்டி பின்னால் போகாது என்கிறாள்.