வெயிலில் ஒட்டும் கதிரைகள்

“மரம் வாங்கப் போனால் முதல் மணந்து பாரடா, பிறகு…” என்று பெரியப்பா சொல்லுவார். பிறகு என்ன என்பது மறந்துபோச்சு. விலையைக் கேள் என்றாரோ, வாயை மூடிக்கொண்டிரு என்றாரோ, தெரியாது. மர வியாபாரத்தில் இந்த இரண்டில் எதைச் செய்வது என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிரச்சினை.

டேனிஷ் நகரமான ஓகூஸின் துறைமுகத்துக்குப் பக்கத்தில், வெளிநாட்டு வைரமரங்களை இறக்கி விற்கும் இடத்தில் எனக்கு வேலை. டேனிஷில் பள்ளிக்கூடம், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று இங்கே வளர்ந்தவன். பிறகு கம்பனியால் மலேசியாவுக்கு அனுப்பப்பட்டு, சில வருடங்கள் பலகை தரம் பார்த்துவிட்டு, தலை நரைத்துத் திரும்பி வந்திருக்கிறேன். மரத்தோடு மாரடிக்கிற உங்களுக்கு இதில் எதுவும் புதிதாக இராது. ஆறுதலாக இருக்கலாம்.

முதிரை இருக்கோ?

பிராண்டே என்ற ஊரில் புது வீடு கட்டும் ஒரு தமிழ்த் தம்பதி வந்தார்கள். கணவருக்குக் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை. வாசல் நிலைக்கு முதிரை மரந்தான் வேண்டுமாம். “ஊரிலை எங்கடை வீட்டு நிலை முதிரை, அண்ணை. இஞ்சையும் அதுதான் வைக்கவேணும்” என்று பிடிவாதமாக நின்றார். முதிரை இல்லை, மலேசியாவிலிருந்து வந்த பாலாவ் இருக்கிறது, அதுவும் கல்லு மாதிரித்தான் என்றேன்.

அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. நிலை வைக்க நல்ல நாள் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. டேனிஷ் தச்சர் ஞாயிறு வேலை செய்யமாட்டார். மஞ்சள் பூசினால் வார்னிஷ் பிடிக்காது என்று வேறு சொல்லிவிட்டார். அந்தக் கோபத்தையெல்லாம் கணவர் என் பலகையில் காட்டினார். மனைவி மட்டும் பலகையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு முடிவைச் சொன்னார்: “மலேசியாவிலை எங்கடை ஆக்கள் இருக்கினம்தானே? அப்ப இதுவும் எங்கடை மரந்தான். ஏத்துங்கோ, அண்ணை.”

பலகை போகும் பாதை

அந்தப் பாலாவும் இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை. முன்பெல்லாம் மலேசியப் பலகை நேரே எங்களிடம் வரும். இப்போது நாங்கள் கேட்கும் பலகை வியட்நாமுக்குப் போகிறது. அங்கே அதை மேசை, கதிரையாக்கி ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றுகிறார்கள். கிள்ளானில் என்னோடு தரம் பார்த்த சிவாவைத் தொலைபேசியில் பிடித்து, எங்களுக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் என்று கெஞ்சினேன். அவர் அங்கேயே பிறந்த தமிழர், கெஞ்சினால் சிரிப்பவர்.

“வியட்நாம்காரன் வந்ததை வாங்கிக்கிறான், அண்ணே. நீங்க ஒரு கணு தெரிஞ்சா முகத்தைச் சுளிக்கிறீங்க” என்றார். அப்ப நாங்கள் என்ன செய்வது என்று கேட்டேன். “எப்படியும் நாற்காலியா உங்க ஊருக்குத்தான் வரும் லா. உக்காந்துக்கிட்டே காத்திருங்க!”

மாமியாரும் கதிரையும்

சிவா சொன்னபடியே கதிரைகள் எங்கள் கடைக்கே வந்தன. ஒவ்வொன்றிலும் ‘வியட்நாம் தோட்டத்தில் வளர்த்த அகேசியா’ என்று சீட்டு. காட்டை வெட்டாமல் வந்த மரம் என்றால் இங்கத்தைய சனம் மனநிம்மதியோடு வாங்கும். கோடை வந்ததும் ஓல்போர்க்கிலிருந்து ஒரு பெண், வாங்கிய கதிரையைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து என் முன்னால் இறக்கினார். இருக்கைப் பலகை முழுக்கப் பிசின்.

குனிந்து மணந்தேன். கெருயிங். மலேசியக் காட்டு மரம். சூடேறினால் பிசின் வியர்க்கும். அந்த மணம் எனக்கு நித்திரையிலும் பிடிபடும். அகேசியா ஒருநாளும் இப்படி வியர்க்காது. வாய்க்கு வந்த மன்னிப்பையெல்லாம் கேட்டேன். “மன்னிப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்,” என்றார் அவர். “கோப்பி குடித்துவிட்டுப் போக வந்த மாமியார், பாவாடை ஒட்டி, இரவுச் சாப்பாட்டுக்கும் இருந்துவிட்டார்.”

படத்தில் மூக்கும் இருக்கும்

முதலாளி மொர்டனிடம் போய்ச் சீட்டு பொய் என்றேன். சிவாவிடமும் கேட்டிருந்தேன், அந்தக் கதிரைத் தொழிற்சாலைக்குக் கெருயிங் ஏற்றி அனுப்பியதே அவர்தான். மொர்டன் கெட்ட மனிதர் இல்லை. களஞ்சியம் நிறையக் கதிரைகளை வைத்துக்கொண்டு, கோடை முடிகிறதே என்று பயந்துகொண்டிருந்தவர். “மணத்தை வைத்து யாரும் வழக்குப் போட முடியாது” என்றார். அதோடு விட்டிருக்கலாம். கதிரைகளுக்குப் பக்கத்தில் என் படத்தைப் பெரிதாக வைத்து, ‘அகேசியா: எங்கள் மர நிபுணரின் உத்தரவாதம்’ என்று போடப்போகிறாராம். “உன் முகத்தைப் பார்த்தால் சனம் நம்பும். நீ அந்தப் பக்கத்து ஆள்தானே?”

நான் பிறந்தது யாழ்ப்பாணம், சைக்கிள் பழகியது ஓகூஸில். எந்தப் பக்கத்து ஆள் என்று நானே இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் மலேசியக் காட்டை வியட்நாம் தோட்டம் என்று சொல்ல என் முகத்தை வாடகைக்கு விடுவதாக இல்லை. “படம் போட்டால் அதில் மூக்கும் இருக்கும், மொர்டன். அந்த மூக்கு இது கெருயிங் என்று சொல்லுது” என்றேன். அப்படியென்றால் நீ வேறு வேலை பார்க்கவேண்டி வரும் என்றார். இந்த வயதில் ஜொப்சென்டர் வரிசையில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். நிற்கலாம் போலத்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டிரு என்று பெரியப்பா சொல்லியிருக்கவும் மாட்டார். அவரே ஒருநாளும் மூடியதில்லை.

வெளியே, பலகை தூக்கும் வண்டி ஓட்டுகிற கிர்ஸ்டன் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. கையுறையைக் கழற்றி விரல்களை நீட்டிக் காட்டினார். “சீட்டு உரிக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லு. எனக்கு நகம் நீளம்.”

மறுநாள் கடை திறக்கும் முன்பே எல்லாச் சீட்டையும் உரித்துவிட்டு, ஒவ்வொரு கதிரையிலும் என் கையெழுத்தில் எழுதி ஒட்டினேன்: “கெருயிங். வளர்ந்தது மலேசியா, செய்தது வியட்நாம், வெயிலில் ஒட்டும்.”