ஒரே அண்டாச் சமையல்

எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள் என்றுதான் என் பெரியம்மாவைக் குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்கள் அத்தனை பேரும் மாதக் கடைசியில் அவள் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள். அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் உண்டு என்பதால் எனக்கு நன்றாகத் தெரியும்.

பெரியம்மா ஒரு தையல் தொழிற்சாலையின் கேன்டீனில் சமையல்காரி. பருப்பை முந்தின நாளே ஊற வைத்துவிடுவாள். வேகும் நேரம் பாதியாகும். அரிசி முக்கால் பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, இறுக்கி மூடி, மேலே ஒரு பழைய கம்பளியைப் போர்த்திவிடுவாள். மீதியை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். கோஸின் தண்டு, கேரட் தோல், கீரைக் காம்பு எதையும் எறிய மாட்டாள். வேகவைத்து வடிகட்டினால் அது சூப். கடைக்குப் போவதென்றால் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பாள். பசியோடு போனால் கண் சும்மா இருக்காதாம். இதில் அவளுக்குப் பிழைப்பு மட்டுமல்ல, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமைக்குக் கல்யாணமான புதிதிலேயே ஒரு அடி விழுந்தது. பெரியப்பா பஸ் டிரைவர். வீட்டுச் செலவுக்கு அவர் கொடுத்ததில் மிச்சம் பிடித்து, மாதக் கடைசியில் அவரிடமே கொண்டுபோய்க் காட்டினாளாம். "பரவாயில்லையே, இவ்வளவுலயே வீடு ஓடுதே" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து அதைக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார். மனுஷன் கடைசிவரை அதில் ஒரு தப்பும் பார்க்கவில்லை. மிச்சத்தை யாருக்கும் காட்டக் கூடாது என்று பெரியம்மா அன்றைக்கே கற்றுக்கொண்டாள். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

கேன்டீனில் பாத்திரம் கழுவ ஒரு அக்கா இருந்தார். பெரியம்மாவைவிட மூத்தவர். கணவர் இல்லை, வீட்டில் நடக்க முடியாத மகள் ஒருத்தி. அந்தச் சம்பளத்தை விட்டால் அவர்கள் இரண்டு பேருக்கும் வேறு நாதி கிடையாது. குளிர்காலம் வந்தால் குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்கும். அக்காவின் விரல் மூட்டெல்லாம் வெடித்து, சோப்பு நுரையில் ரத்தம் கலந்து ஓடும். பெரியம்மா எண்ணெய் தடவித் துணி சுற்றிவிடுவாள். அரை மணி நேரத்தில் துணி ஊறி அவிழ்ந்துவிடும்.

பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் ஒருநாள் கேன்டீன் பொறுப்பாளரிடம் போனாள். சின்ன வயசுப் பையன், நன்றாகப் படித்தவன். தொழிலாளிகள் அவனுக்கு வைத்திருந்த பெயர் கால்குலேட்டர்.

"சார், தொட்டிக்கு மேல ஒரு ஹீட்டர் மாட்டிக் குடுங்க. அந்தக்கா கையைப் பாக்க முடியல."

"இருக்கற செலவுக்கே மேல கேள்வி கேக்கறாங்கம்மா. நீங்க கொஞ்சம் செலவைக் குறைச்சுக் காட்டுங்க. அதைச் சொல்லி நான் ஹீட்டருக்குப் பேசிப் பாக்கறேன்."

பேசிப் பார்க்கிறேன் என்று சொன்ன எவன் பேசியிருக்கிறான்? ஆனால் பெரியம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. அன்றிலிருந்து வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள்.

அதுவரை சோறு ஒரு அண்டாவில், பருப்பு ஒன்றில், காய்கள் இரண்டில், குழம்பு இன்னொன்றில் என்று அடுப்பு முழுக்கப் பாத்திரமாக நிற்கும். பெரியம்மா எல்லாவற்றையும் ஒரே அண்டாவுக்குள் கொண்டுவந்தாள். அடியில் பருப்பு, அதன்மேல் அரிசி, அரிசி பாதி வெந்ததும் காய், கடைசியில் ஒரு கரண்டி எண்ணெயில் தாளிப்பு. முதல் இரண்டு நாள் தையல்காரப் பெண்கள் முகம் சுளித்தார்கள். மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டினார்கள். கேஸ் குறைந்தது, எண்ணெய் குறைந்தது, சோப்பும் குறைந்தது. ஹீட்டர் வரும்வரை அக்காவின் கைக்குக் கொஞ்சம் ஓய்வு என்று அவளுக்கு அதில் கூடுதல் சந்தோஷம்.

"ஏண்டி, இப்படியே போனா எனக்கு வேலையே வைக்க மாட்டே போலிருக்கே" என்று அக்கா சிரித்தாராம். பெரியம்மாவும் சேர்ந்து சிரித்தாளாம்.

மிச்சமானதை எல்லாம் பெரியம்மா தானே போய்க் கால்குலேட்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் வாயெல்லாம் பல். அந்த மாதக் கடைசியில் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் நிற்க வைத்துக் கை தட்டச் சொல்லி, பெரியம்மாவுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசாகக் கொடுத்தான். அவள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஹீட்டர் எப்ப சார் வரும்?"

"இனிமே எதுக்கும்மா ஹீட்டர்? கழுவறதுக்கு இருக்கறதே ஒரே அண்டா. தட்டை அவங்கவங்களே கழுவிக்கட்டும். அண்டாவை நீங்களே பாத்துக்கலாம். அந்தம்மாவை நாளையிலேருந்து வர வேண்டாம்னு மேல சொல்லிட்டாங்க."

"ஐயோ சார், அவங்க கைக்காகத்தானே இவ்வளவும் செஞ்சேன்!"

"அதான் இனிமே அவங்க கையே நனையாதே!"

அவன் கிண்டல் பண்ணவில்லை. நல்ல சேதி சொல்வதாகவே நினைத்துக்கொண்டுதான் சொன்னான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் பெரியம்மா பரணில் கிடந்த பாத்திரங்களையும் சேர்த்து இறக்கினாள். தேவையே இல்லாமல் ஒவ்வொரு காயையும் தனித்தனியாக வைத்தாள். கிளற ஒரு கரண்டி, பரிமாற ஒரு கரண்டி. பருப்பை வேண்டுமென்றே அடிபிடிக்க விட்டாள். பிறந்ததிலிருந்து ஒரு பருக்கையை வீணாக்காதவள் அன்றைக்கு வீணாக்கினாள். தொட்டி நிரம்பி, தரையெல்லாம் பாத்திரமாகக் கிடந்தது. கால்குலேட்டர் எட்டிப் பார்த்தான். "என்னம்மா இன்னைக்கு இவ்வளவு? சரி, எல்லாத்தையும் கழுவிட்டு வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கழுவினாள், அந்தத் தண்ணீரிலேயே. சாயங்காலம் நான் போனபோது இரண்டு கையும் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"உங்களுக்கென்ன பைத்தியமா பெரியம்மா?"

"பாத்திரம் நிறைய இருந்தா ஆள் வேணும்னு தோணும்னு நினைச்சேன்டி."

"பெரியப்பா செஞ்சதே மறந்து போச்சா? மிச்சத்தைக் கொண்டுபோய்க் காட்டலாமா?"

"அவர் புருஷன். இவங்க படிச்சவங்க, பெரிய கம்பெனி. வேற மாதிரி இருப்பாங்கன்னு நினைச்சுட்டேன்."

இதற்குமேல் அவளை என்ன சொல்லித் திட்டுவது? அவள் இன்னொரு நாளும் அப்படிச் செய்து பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். சாபம் விடத்தான் வந்திருக்கிறார் என்று பெரியம்மா எழுந்து நின்றாள். அக்கா தானாகவே உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். விரலில் இருந்த வெடிப்பெல்லாம் ஆறி, கை வழவழவென்று இருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

பெரியம்மா ஓடிப்போய்ப் பணம் எடுத்துவந்து அவர் கையில் திணித்தாள். அக்கா அதைத் திருப்பி வைத்துவிட்டார்.

"காசு வேணாம்டி. இன்னைக்குக் குடுப்பே, நாளைக்கு? கேட்ட இடத்துல எல்லாம் சின்ன வயசு ஆளாத் தேடறாங்க. வேலை கெடைக்கறவரைக்கும் கொஞ்சத்துல ஓட்டணும். அதுக்கு வழி சொல்ல உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா? அந்த ஒரே அண்டாச் சமையல் பண்ணினியே, அதைச் சொல்லிக் குடு. ரெண்டு பேருக்குப் போதும்."

ஒரு சொல்லிலும் குத்தல் இல்லை. அவர் அழுதிருந்தாலோ மண்ணை வாரித் தூற்றியிருந்தாலோ பெரியம்மா தாங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு, எதை முதலில் போடுவது, எவ்வளவு தண்ணீர், எப்போது அடுப்பை அணைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில் கொஞ்சம் தயங்கினார்.

"பருப்பு இல்லாம பண்ணினா வருமாடி?"

பெரியம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"வரும்க்கா."

"காயும் இல்லேன்னா?"

"அப்பவும் வரும்க்கா" என்றாள் பெரியம்மா. "உப்பை மட்டும் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க."